ஒரு படுக்கை குறைந்த காலாண்டு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்கு வயிற்றைக் கலக்கும். வருடத்துக்கு நான்கு தடவை, தேதி பிசகாது. காலாண்டு முடிவுகளை அறிவிக்கும் நாளில் கூட்ட அறையில் நல்ல பிஸ்கட் வைப்பார்கள். நான் ஒன்றுகூடத் தொட்டதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘ஈவிரக்கம் இல்லாதவர்’ என்று என்னைப் பற்றி உங்கள் நோட்டில் எழுதியிருக்கிறீர்கள். தலைகீழாகப் படிப்பது என் தொழிலில் கைவந்த கலை, மேடம். ஈவிரக்கம் இல்லாதவனுக்கு வயிறு ஏன் கலங்கப் போகிறது?

நீங்கள் சுகாதாரத் துறையின் விசாரணை அதிகாரி. மருத்துவமனை என்றால் உங்களுக்கு டாக்டர், நர்ஸ், மாத்திரை. எனக்குப் படுக்கைதான். எங்கள் நிறுவனத்துக்கு ஏழு மனநல மருத்துவமனைகள், எல்லாம் சேர்த்து நானூற்று இருபது படுக்கைகள். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஏழு இடத்திலும் தலை எண்ணி, நிதிப் பிரிவுத் தலைவனான எனக்கு அனுப்புவார்கள். ஒரு படுக்கையில் ஒரு ஆள் ஒரு நாள் இருந்தால் அது ஒரு படுக்கை நாள். காப்பீட்டு நிறுவனம் அதற்குத்தான் பணம் தரும். குணமானவருக்கு யாரும் தம்பிடி தர மாட்டார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தது நான் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிர்வாக இயக்குநருக்கு அலுவலகத்தில் பல்லழகர் என்று பெயர். இறுதி ஊர்வலத்திலும் சிரிக்கிற முகம். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு படுக்கைகள் நிரம்பியிருக்கும் என்று பங்குதாரர்களிடம் வாய்விட்டுவிட்டார். வாய் அவருடையது, வயிறு என்னுடையது. ஜனங்கள் கொஞ்சம்கூடப் பொறுப்பில்லாமல் குணமாகிக்கொண்டிருந்தார்கள். பத்து நாளில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் ஒரு நிறுவனம் எப்படிப் பிழைக்கும்?

அப்போதுதான் நான் ஐந்தாம் நாள் கேள்வியை எழுதினேன். ஒரே வரி. ‘வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ நோயாளி சேர்ந்த ஐந்தாம் நாள் நர்ஸ் கேட்டு எழுதிக்கொள்வார். தோன்றுகிறது என்றால், ‘தன் நோயை உணரவில்லை’ என்று பொருள், இரண்டு வாரம் நீட்டிக்கலாம். தோன்றவில்லை என்றால், ‘வீட்டை எதிர்கொள்ளத் தயாராக இல்லை’ என்று பொருள், அப்போதும் இரண்டு வாரம். அதன்பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே கேள்வி.

தலைமை மருத்துவர் இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். நல்ல மனிதர், ஊரெல்லாம் மதிக்கும் படிப்பு. ஆனால் சரியான ஆமாஞ்சாமி.

“ரெண்டு பதிலுக்கும் ஒரே முடிவுதானே வருது, சார்?” என்றார்.

“அதான் டாக்டர் இதுல இருக்குற நியாயம். யாருக்கும் பாரபட்சம் இல்ல” என்றேன்.

கூடவே உட்கார்ந்திருந்த பல்லழகர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆமாஞ்சாமியும் சிரித்தார், ஒரு விநாடி தாமதமாக.

படிவம் அச்சாகி வந்தபோது காலாண்டு முடியப் பதினான்கு நாள்தான் பாக்கி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டைத் தொடப் பதினான்கு படுக்கை நாள் குறைந்தது. அதாவது ஒரே ஒரு ஆள், அன்றே வந்து படுத்து, மாதக் கடைசிவரை எழுந்திருக்கக் கூடாது. மேடம், ஆயிரம் குறைந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஒரு ஆள் குறைந்தால் எப்படித் தூக்கம் வரும்?

அக்கா அப்போது எங்கள் வீட்டில் இருந்தாள்.

அத்தான் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. மாரடைப்பு, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே. அக்கா முப்பத்து மூன்று வருடம் பள்ளியில் கணக்கு வாத்தியார். எனக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கியதை நான் மறந்துவிட்டால், தலையில் குட்டாமல், “யார்கிட்ட வாங்கின, திருப்பிப் பாரு” என்பாள். அப்படிப்பட்டவள் எங்கள் வீட்டில் அத்தானின் சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அழுவாள். சில நாள் அத்தானுக்கும் சேர்த்துக் காப்பி போட்டுவிட்டு, அதையும் தானே குடித்துவிடுவாள். நான் இதையெல்லாம் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

“அக்கா, நம்ம ஆஸ்பத்திரில ஒரு ரெண்டு நாள் ஓய்வா இருந்துட்டு வாயேன். ஜன்னலோரப் படுக்கை சொல்லி வெச்சிருக்கேன்.”

“எனக்கு என்னடா வியாதி? புருஷன் செத்துட்டாரு, அழுவுறேன். இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?”

“எனக்காக வாக்கா.”

நான் ‘எனக்காக’ என்று கேட்டு அவள் மறுத்ததே இல்லை. இரண்டு புடவை, ஒரு சீப்பு, ஒரு கட்டம் போட்ட நோட்டு, அத்தானின் சட்டை, இவ்வளவுதான் எடுத்துக்கொண்டாள். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பதினொன்று ஐம்பதுக்குப் போட்டேன். பன்னிரண்டு மணிக்கு அவள் தலையையும் சேர்த்து எண்ணினார்கள்.

அந்தக் காலாண்டு தொண்ணூற்றிரண்டு. மிகச் சரியாகத் தொண்ணூற்றிரண்டு. பல்லழகர் என் தோளில் தட்டி, “ரொம்ப ஆரோக்கியமான காலாண்டுய்யா” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அக்காவிடம்கூடச் சொல்ல வேண்டும்போல இருந்தது. அவளுக்குத்தான் எண்களின் அருமை தெரியும்.

ஐந்தாம் நாள் அவளிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். விதி எல்லாருக்கும் ஒன்றுதானே. பெரிய சிஸ்டர், அதாவது அந்த வார்டின் தலைமை நர்ஸ், பிறகு என்னிடம் சொன்னார். அக்கா படிவத்தை வாங்கி இரண்டு பக்கமும் படித்துவிட்டு, “இந்தக் கேள்வியப் போட்டவன் யாரும்மா? எப்படி எழுதினாலும் ஃபெயிலாக்குறானே” என்றாளாம். சிஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். ஆமாஞ்சாமி சிரிக்கவில்லை. ‘கேள்விகளையே சந்தேகிக்கிறார்’ என்று எழுதினார். இரண்டு வாரம்.

காலாண்டு முடிந்த மறுநாளே நான் போய்க் கூட்டிவந்திருக்கலாம் என்பீர்கள். கூட்டிவந்திருக்கலாம்தான். ஆனால் காலாண்டு முடிந்தவுடன் நிதிப் பிரிவுத் தலைவரின் அக்கா முதல் ஆளாக வெளியே போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருப்பவன் சொந்தக்காரர்களுக்குச் சலுகை காட்டக் கூடாது. இந்த விஷயத்தில் நான் கறாரானவன்.

மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். முதல் மாதம், “எப்படா கூட்டிட்டுப் போவ?” என்று கேட்டாள். இரண்டாம் மாதமும் அதே கேள்வி. “டாக்டர் சொல்லணும்கா” என்றேன். நான்காம் மாதம் எதுவும் கேட்காமல், அந்தக் கட்டம் போட்ட நோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

மேடம், உங்கள் கையில் இருக்கிறதே, அந்த நோட்டுதான். வேறு வேலை இல்லாமல் அவள் எண்ணியிருக்கிறாள். தினம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள் என்று பத்தி பிரித்து, கோடு போட்டு. இரண்டு காலாண்டுகளின் கடைசிப் பதினான்கு நாட்களில் ஒருத்தர்கூட வெளியே போகவில்லை. இரண்டாவது காலாண்டு முடிந்த மறுநாள், ஒன்றாம் தேதி, ஒரே காலையில் பதினேழு பேர் குணமாகியிருந்தார்கள். கீழே சிவப்பு மையில், ‘நோய் தேதி பார்த்துக் குணமாகாது. யாரோ நிறுத்திவைக்கிறார்கள்’ என்று எழுதியிருந்தாள்.

நான் பத்து கணக்காளர்களை வைத்து வேலை வாங்குகிறேன். இத்தனை சுத்தமான ஒரு தாளை அவர்களில் ஒருவரும் கொடுத்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதல் பக்கத்துக்குத் திரும்பி இன்னொரு தடவை படித்தேன்.

“சரியா இருக்காடா?” என்றாள். கேள்வி கேட்டுவிட்டு வாத்தியார் காத்திருப்பாரே, அந்தப் பார்வை.

கடைசிப் பக்கத்தில் ஒரு தப்பு இருந்தது. அந்த மருத்துவமனையின் அறுபது படுக்கையில் பதினேழு போனால் மிச்சம் நாற்பத்து நான்கு என்று போட்டிருந்தாள். முப்பத்து மூன்று வருடத்தில் அக்கா கழித்தலில் தப்புச் செய்து நான் பார்த்ததில்லை. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். கை தானாகப் போயிற்று. நான்கை அடித்துவிட்டுப் பக்கத்தில் மூன்று என்று போட்டேன்.

நீங்கள் காலையிலிருந்து சுற்றி வளைத்துக் கேட்டது இதைத்தானே? ஆமாம், அந்த மூன்று என்னுடையது. தலையைத் தட்டையாக இழுத்துப் போட்ட மூன்று. எங்கள் காலாண்டுத் தாள்களில் எங்கும் அதைப் பார்க்கலாம். நீங்கள் பார்த்தும்விட்டீர்கள். நான் முழு நோட்டையும் படித்தேன், புரிந்துகொண்டேன், அது சரி என்பது எனக்குத் தெரியும். இதற்கு அந்த ஒரு எழுத்தைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் தப்பான கழித்தலை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோக என்னால் முடியாது. வளர்ப்பு அப்படி.

ஏன் தப்புச் செய்தாள் என்று நான் கேட்கவில்லை. மாத்திரையின் அளவு அதற்குள் இரண்டு தடவை கூடியிருந்தது.

அன்று வெளியே வரும்போது ஆமாஞ்சாமி என்னைத் தனியாக அழைத்தார். அவரும் நோட்டைப் பார்த்திருந்தார். முகம் வெளிறியிருந்தது.

“சார், உங்க அக்கா எழுதியிருக்கிறது... நிஜமா இருந்தா?”

அவர் என்னிடம் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தார். ஒரு ‘ஆமாம்’ சொல்லியிருந்தால் அக்காவை அப்போதே அனுப்பியிருப்பார். மற்ற ஐம்பத்துச் சொச்சம் பேரையும்தான். எல்லாரும் போய்விட்டால் நாங்கள் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

“அக்காவுக்குச் சின்ன வயசுலேர்ந்தே எண்ணுன்னா பைத்தியம், டாக்டர். எதைப் பாத்தாலும் அவ கண்ணுக்குக் கணக்குதான் தெரியும். நீங்க பாத்து மருந்த முடிவு பண்ணுங்க” என்றேன்.

குரலை நான் உயர்த்தவே இல்லை. அவர் தலையாட்டினார். ‘எண்களில் சதியைக் காண்கிறார், குடும்பத்தாரும் உறுதிசெய்கின்றனர்’ என்று எழுதினார். அளவு மூன்றாம் தடவை கூடியது. நோட்டைப் பறித்துப் பெரிய சிஸ்டரிடம் கொடுத்து, பூட்டிவைக்கச் சொன்னார்கள். அந்த அம்மாள் பூட்டிவைக்காமல் உங்களுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. ஆனால் நிறுவனத்தின் உறையையும் தபால் தலையையும் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார், அது முறையில்லை.

போன வாரம் அக்காவைப் பார்த்தேன். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள், பராமரிக்கச் சுலபம். அத்தானின் சட்டை மடியில் இருந்தது, மடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள்.

“அறுபதுல பதினேழு போனா எவ்வளவுடா?”

“நாப்பத்தி மூணுக்கா.”

“சரி” என்றாள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள். நான் மறுபடியும் சொன்னேன். ஒன்பது தடவை சொன்னேன். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அந்த விஷயத்தில் நான் அவளைப்போல, சொல்லிக்கொடுக்கும்போது பொறுமை இழக்க மாட்டேன். காருக்கு வந்த பிறகு அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கல் இல்லை.

ஆக, நான் செய்ததை ஒப்புக்கொள்கிறேன். கேள்வியை எழுதியது நான். துக்கத்தில் இருந்த ஒரு பெண்ணைப் பதினான்கு நாளுக்காகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது நான். அவள் உண்மையைக் கண்டுபிடித்தபோது அதை நோய் என்று சொன்னது நான். அந்த நோய்க்குக் கொடுத்த மருந்தில்தான் அவளுக்குக் கணக்கு மறந்தது. எதையும் மறைக்கவில்லை, கூட்டலைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே அவளை வெளியே விடுவார்கள் என்கிறீர்கள். சேர்த்தவன் நான் என்பதால் அனுப்பச் சொல்லும் உரிமையும் எனக்குத்தான். நான் மறுத்தால் நீங்கள் நீதிமன்றம் போக வேண்டும், அதற்கு ஆறு வாரமாவது ஆகும். சே, எதற்கு அத்தனை அலைச்சல்? போட்டுவிடுகிறேன். என் கூடப் பிறந்தவள் அவள். பேனாவைக் கொடுங்கள்.

தேதி எழுதும் இடம் இதுதானே? இன்று இருபத்தெட்டு. மணி பதினொன்றே முக்கால். இன்னும் கால் மணி நேரத்தில் தலை எண்ணுவார்கள். வேலையிலிருந்து என்னை நீக்கப் போகிறார்கள், தெரியும். ஆனாலும் முப்பதாம் தேதி முடிகிற இந்தக் காலாண்டு என் பெயரில்தான் போகும். காலையில் இங்கே வருவதற்கு முன்னால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், மயிரிழையில் தொண்ணூற்றிரண்டில் நிற்கிறது. ஒரு படுக்கை காலியானால் போயிற்று.

தேதியை மட்டும் ஒன்றாம் தேதி என்று போட்டுக்கொள்கிறேன், மேடம். நடுவில் மூன்றே நாள். வேண்டுமானால் அக்காவையே கேட்டுப் பாருங்கள், சரி என்பாள். இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்கிறாள்.