பதினோரு அரைகுறைகள்

தமிழ் தெரியாதவனைப்போல் உட்கார்ந்து, ஓர் இளம் தம்பதியின் பேச்சை ஒட்டுக்கேட்டேன். அது தவறுதான். ஜெர்சி சிட்டியிலிருந்து மன்ஹாட்டன் போகும் காலை ரயில். என் கையில் ஆங்கில நாளிதழ்.

"மெதுவா பேசுங்க, பெருசு பாக்குது."

"அவருக்கு என்ன புரியப்போகுது சுமி? இன்னைக்கு முடிக்கலைன்னா என் கான்ட்ராக்ட் காலி."

ஒரு கம்ப்யூட்டரில் இருப்பதை அப்படியே ஒரு முழு நகலாக, அவன் பாஷையில் இமேஜாக, 'கேப்ச்சர்' செய்து சர்வரில் வைத்து, அங்கிருந்து நாற்பது கம்ப்யூட்டர்களில் இறக்குவது அவன் வேலை.

"கேப்ச்சர் பாதியிலேயே எரர் அடிச்சு நிக்குது. கேபிள்கூட மாத்திட்டேன்."

"நேத்து எத்தனை தடவை ட்ரை பண்ணீங்க?"

"பதினோரு தடவை."

"அந்தப் பதினோரு அரைகுறையும் எங்க இருக்கு?"

"சர்வர்லதான்..."

"நம்ம ஃப்ரிட்ஜ் மாதிரியா? மிச்சத்தையெல்லாம் டப்பா டப்பாவா அடுக்கிட்டு, பால் வைக்க இடமில்லைன்னு கத்துவீங்களே!"

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அடிப்பாவி, சர்வர் டிஸ்க் ஃபுல்லுடி!"

சிரிப்பை மறைக்க நாளிதழை உயர்த்திக்கொண்டேன்.

மனம் உறுத்தியது. மறுநாள் அதே பெட்டியில், அவர்கள் கண்ணில் படும்படி ஒரு தமிழ் வார இதழை விரித்தேன். சுமி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அங்கிள், நீங்க தமிழா? பெருசுன்னு சொன்னது..."

"பெருசுதானேம்மா. நேத்து எல்லாத்தையும் கேட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

அவன் என் பக்கம் குனிந்தான். "நாப்பது மெஷினும் ஓடுது அங்கிள். ஐடியா இவளோடதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இதோ, அதையும் மீறிவிட்டேன்.