முப்பது பெட்டிகள்

— சார், நீங்களே கையில எடுத்துப் பார்த்துச் சொல்லுங்க. என்ன இது?

— பெட்டி டீச்சர்.

— என்ன பெட்டி? சொல்லுங்க பார்ப்போம்.

— தப்பா நினைக்காதீங்க, நல்ல பெட்டி. மூலையெல்லாம் கச்சிதமா உக்காந்திருக்கு. செருப்பு டப்பாவுல இப்படி வேலை பண்றது லேசு இல்ல.

— ஐயோ சார்! வீணாப் போற பொருள்ல விளையாட்டுச் சாமான் செய்ங்கன்னு சொன்னேன். கார் செய்யலாம், பொம்மை வீடு செய்யலாம், உண்டியல் செய்யலாம். உங்க பொண்ணு செஞ்சிருக்கிறதை எனக்கு வாயால சொல்லவே வரல.

— சவப்பெட்டி.

— மெதுவா! மெதுவாச் சொல்லுங்க! மூணாம் வகுப்பு சார் இது.

— நமக்கு அதுதானே தொழில். பதினெட்டு வருஷமா செஞ்சு கொடுக்கறேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்ல.

— சிரிக்கிற நேரமா இது? அவ ஒருத்தி செஞ்சிருந்தா அலமாரிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருப்பேன். அந்த மேஜையைப் பாருங்க.

— அடேங்கப்பா!

— முப்பது! வகுப்பு மொத்தமும் அதையே செஞ்சு வரிசையா அடுக்கி வெச்சிருக்கு. உங்க பொண்ணுதான் எல்லாருக்கும் வாத்தியார்.

— உள்ள மெத்தை வேற போட்டிருக்கே. எதுல செஞ்ச பாப்பா?

— பழைய பனியன்ப்பா. தலகாணிக்குள்ள பென்சில் சீவின தூள். கைப்பிடிக்கு ஐஸ் குச்சி. காசே ஆகல டீச்சர், நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சோம்.

— குலவித்தை கல்லாமலே வரும்னு சும்மாவா சொன்னாங்க!

— பெருமைப்படாதீங்க சார்! நேத்து ஒரு பையன் வீட்டுல அவங்க மாமாவைத் தரையில படுக்கச் சொல்லி, ஸ்கேல் வெச்சு அளந்திருக்கான். அந்த மாமா போன மாசம்தான் நெஞ்சு வலி வந்து பிழைச்சாராம். அவர் எழுந்து ஓடி, கதவைச் சாத்திக்கிட்டு வெளியவே வரலையாம்!

— படுக்க வெச்சுத்தான் அளக்கணும். பையன் சரியாத்தான் கத்துக்கிட்டிருக்கான்.

— சார்! பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டாங்க. இன்னும் முக்கால் மணி நேரத்துல கண்காட்சி. பெத்தவங்க எல்லாம் வருவாங்க. அதுக்குள்ள முப்பதையும் குப்பையில போடச் சொல்லிட்டாங்க.

— அப்பா! வேணாம்ப்பா! போடக் கூடாதுன்னு சொல்லுப்பா!

— அழாதம்மா. நீ கொஞ்ச நேரம் வெளிய நில்லு. டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வரேன்.

— சொல்லுங்க சார். அவ போயிட்டா.

— தப்பா நினைக்காதீங்க டீச்சர். போன வாரம் வரைக்கும் அவ பக்கத்துல யாரு உக்காந்தாங்க?

— யாரும் இல்ல. கடைசி பெஞ்சுல தனியாத்தான் இருந்தா. நானும் மாத்தி மாத்தி உக்கார வெச்சுப் பார்த்தேன்.

— சவப்பெட்டிக்காரன் பொண்ணு, தொட்டா ஒட்டிக்கும்னு நினைக்குதுங்க. ரப்பர் கேட்டாக்கூடக் கொடுக்க மாட்டாங்களாம். போன ஸ்கூல்லயும் இதே கதைதான். யாராவது கேட்டா, அப்பா கட்டில் செய்றாருன்னு சொல்லும்மான்னு நானே சொல்லிக் கொடுத்தேன். பொய்யும் இல்லையே, படுக்கத்தானே செய்றாங்க?

— சார், நீங்க வேற.

— இந்த வாரம் பாருங்க. ஸ்கூல் விட்டா நாலு பேரு கூடவே வர்றாங்க, என் பட்டறைக்கு. வாசல்ல நின்னுக்கிட்டு, ‘அங்கிள், மூடி எப்படி ஒட்டணும், அங்கிள், பசை காயலையே’ன்னு பிச்சுப் பிடுங்குதுங்க. இவ சிரிச்சுக்கிட்டே சாப்பிடறா டீச்சர். இதையெல்லாம் குப்பையில போட்டா, திங்கக்கிழமை மறுபடியும் அதே கடைசி பெஞ்சு. என்னால அதைப் பார்க்க முடியாது.

— எனக்கு மட்டும் மனசு வருமா? எனக்கும் அவ செல்லம்தான். ஆனா இதைப் போய் எப்படிச் சபையில வெக்கிறது? சொல்லுங்க பார்ப்போம்.

— மூடியைக் கழட்டிட்டா படகு.

— என்னது?

— தலைப்பக்கம் அகலம், கால்பக்கம் குறுகல். நடுவுல ஒரு குச்சி நட்டு, காகிதத்தை மாட்டிவிட்டா பாய்மரம்.

— முப்பது படகு! தண்ணிக்கு எங்க போறது? போன வருஷம் யாரோ படகு விட்டு, தரையெல்லாம் ஈரமாகி, பெரிய டீச்சர் வழுக்கி விழுந்தாங்க. படகுன்னாலே அவங்களுக்கு ஆகாது.

— அப்ப ரயில். ஒவ்வொண்ணுக்கும் பாட்டில் மூடி நாலு, சக்கரத்துக்கு. ஐஸ் குச்சிதான் அச்சு. பக்கத்துல ரெண்டு ஜன்னல் வெட்டி, ஒண்ணோட ஒண்ணு நூல்ல கோத்து விட்டுடலாம். முப்பது பெட்டி ரயில், இந்த ரூமைச் சுத்தி வரும்.

— சார், நீங்க தெய்வம்! பாட்டில் மூடி ஒரு வாளி நிறையச் சேர்த்து வெச்சிருக்கேன். இந்தாங்க கத்தரிக்கோல்.

— பையில பிளேடு இருக்கு டீச்சர். நீங்க காம்பஸ் முள்ளால மூடியில ஓட்டை போடுங்க. அப்படி இல்ல, மெதுவாத் திருகித் திருகிக் குத்தணும். விரலை நகர்த்திக்கோங்க.

— ஆ!

— சொன்னேன்ல.

— பரவாயில்ல, ரத்தம் வரல. உள்ள வாம்மா, ஓடி வா! எதையும் தூக்கிப் போடல. உங்க அப்பா ரயில் விடப் போறாரு!

— எல்லாமே ரயிலா டீச்சர்? ஒண்ணே ஒண்ணு மட்டும் அப்படியே இருக்கட்டும் டீச்சர்.

— ஒண்ணுகூட முடியாது கண்ணு. என் வேலை போயிடும்.

— டீச்சர், ஒரு நிமிஷம். இதைக் கவனிச்சீங்களா? பெரிய ஆளு செருப்பு டப்பாவைக்கூட வெட்டிச் சின்னதாக்கியிருக்காங்க. முப்பதும் ஒரே அளவு.

— நல்லதுதானே? ரயில் கோணாம நிக்கும்.

— அதுக்கில்ல. எங்க தொழில்ல சும்மா ஒரு அளவு வெக்க மாட்டோம். ஒருத்தருக்குன்னு எடுத்தாதான் அளவு. பாப்பா, யாரோட அளவும்மா இது?

— சொல்ல மாட்டேன்ப்பா. முப்பது பேரும் சத்தியம் பண்ணியிருக்கோம்.

— அளவு கிடக்கட்டும் சார், மணி ஆகுது! முன்னாடி இன்ஜின் ஒண்ணு வேணும். அதை ஓட்ட ஒரு ஆளும் வேணும். ஆங்! நம்ம ஆமையை உக்கார வெச்சுடலாம்.

— ஆமையா?

— அந்த ஜன்னலோரம் தொட்டியில தூங்குது பாருங்க, எங்க வகுப்பு ஆமை. அஞ்சு வருஷமா நான் வளர்க்கிறேன் சார். எனக்குப் பிள்ளை மாதிரி. இந்த வாரம் என்ன கோபமோ, தலையை வெளிய நீட்டவே மாட்டேங்குது. இதுங்களுக்கும் அது மேல உசிரு. தினமும் யாராவது வீட்டுல இருந்து பவுடர் கொண்டு வந்து அதுக்குப் பூசி விடறாங்கன்னா பாருங்களேன்!

— பவுடரா டீச்சர்? தினமுமா?

— ஆமா சார். ஏன் அப்படிப் பார்க்குறீங்க? இருங்க, நான் போய் எடுத்துட்டு வரேன்.

— டீச்சர், எடுக்காதீங்க! டீச்சர், ப்ளீஸ்! அன்னைக்கு எல்லாரும் அழுதாங்க. நான்தான் சொன்னேன், எங்க அப்பா யாரா இருந்தாலும் நல்லபடியா அனுப்பி வெப்பாரு, எனக்கும் தெரியும்னு. அப்பதான் எல்லாரும் என் பெஞ்சுக்கு வந்தாங்க.

— யாரை அனுப்பி வெக்கணும்? என்னம்மா உளறுற?

— செவ்வாக்கிழமையே செத்துப் போச்சு டீச்சர். நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் முப்பது பேரும் சொல்லல.