அடங்காத கட்டிடம்

டியூப்லைட் வெளிச்சம் குண்டு பல்பைவிடக் கண்ணுக்கு இதமானது. மின்சாரமும் குறைவாகத்தான் இழுக்கும். எண்பத்தாறாம் வருஷம் இதை ஊர் ஊராகப் போய்ச் சொல்வதுதான் என் வேலை.

மின்வெட்டுக் காலம். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து அரசுக் கட்டிடங்களில் மின்செலவைக் குறைக்கத் திட்டம் போடச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், விடுதி என்று ஒவ்வொன்றுக்கும் ஜன்னல், விளக்கு, மீட்டர் கணக்கு எல்லாம் எடுத்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எங்கே கூரை ஓட்டைப் பிரித்துக் கண்ணாடி வைக்கலாம், எங்கே பல்பை மாற்றலாம், மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும் என்று அது சொல்லிவிடும். நானே எழுதிய புரோகிராம். குன்னத்தில் அது சொன்னபடியே மீட்டர் இறங்கியது. மற்ற ஊர்களிலும் அப்படித்தான்.

ஒரு சிறிய ஆஸ்பத்திரி மட்டும் அடங்கவில்லை. விளக்கையெல்லாம் மாற்றிய பிறகும் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தேன். பிரசவ வார்டின் மூலையில் ஒரு மரப்பெட்டி. அதற்கு மேல் பட்டப்பகலில் குண்டு பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. நர்ஸ் சிந்தாமணியிடம் காரணம் கேட்டேன்.

"அது வெளிச்சத்துக்கு இல்லீங்க, சார். கொற மாசத்துப் புள்ளைங்களுக்குச் சூடு வேணும். அணைச்சா தாங்காதுங்க."

புரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை. நன்றாகவே புரிந்தது.

பொங்கல் முடிந்ததும் சென்னையிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. கணக்கு ஒத்துப்போனால் மாநிலம் முழுக்க என் திட்டம்தான். ஒரு கட்டிடம் பிசகினால் மற்றவற்றையும் சந்தேகப்படுவார்கள். அந்தச் சூட்டையும் புரோகிராமில் சேர்த்திருக்கலாமே என்பீர்கள். சேர்த்திருக்கலாம். ஆனால் அதுவரை வந்த விடைகளையெல்லாம் மறுபடி போடவேண்டி வந்திருக்கும்.

மார்கழியில் ஒரு மத்தியானம், சிந்தாமணி சாப்பிடப் போயிருந்தபோது வார்டுக்குள் போனேன். பெட்டியில் ஒரு பெண் குழந்தை. அதைப் பெற்ற மீன்சுருட்டி ஊர்க்காரி அம்சவள்ளி பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். நான் பல்புகளைக் கழற்றுவதைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தாள்.

"புதுசு மாட்டிடுவீங்கல்ல, சார்?"

"சாயங்காலத்துக்குள்ள மாட்டிடறேம்மா."

அவள் மறுபடி படுத்துக்கொண்டாள். வயரையும் சுவரோடு வெட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சிந்தாமணி பல்பு கேட்டு ஆஸ்பத்திரி ஸ்டோருக்கு ஓடியிருக்கிறாள். குண்டு பல்பு எதற்காகவும் கொடுக்கக் கூடாது என்று முந்தின நாளே அங்கே உத்தரவு வாங்கி வைத்திருந்தேன். குழந்தையைப் பஞ்சில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தாளாம். விடிவதற்குள் போய்விட்டது. பொங்கலுக்குள் அந்தப் பெட்டிக்கு வந்த மற்றக் குழந்தைகளும் தங்கவில்லை.

அவற்றைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். புரோகிராம் தப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதிகாரிகள் வந்து பார்த்தபோது அந்த ஆஸ்பத்திரியின் கணக்கும் சரியாகத்தான் இருந்தது.