கட்சி மாறியவருக்கு மாலையிட மறுத்த பாஞ்சாலை அம்மையாருக்கு

மலைமுகடு மூடும் பனியிலும் மனம் மங்காத மாதரசியே! கூடை சுமந்த தோளில் கொள்கையும் சுமந்த கோமகளே! ரிங்லெட் மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெறும் எங்கள் பாஞ்சாலை அக்கா! வணக்கம்.

உங்கள் உழைப்பைத் துரைமார் புகழட்டும். நாங்கள் உங்கள் பிடிவாதத்தைப் புகழ வந்தோம்.

நாம் ஓட்டுப் போட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர், பதவியேற்ற சூடு ஆறுமுன் எதிரணிக்குத் தாவினார். தடுக்கச் சட்டமில்லை. நம் கட்சியின் தோட்டக் கிளைத் தலைவரும் அவர் பின்னே போனார். புதுக் கொடியோடு இருவரும் தோட்டத்துக்கு வந்த ஞாயிறன்று, கோலா தெர்லா தோட்டங்களில் பூத்த செவ்வந்தி மாலையை உங்கள் கையில் திணித்து, "போடும்மா, இது கட்சிக் கட்டுப்பாடு" என்றார் தலைவர். நீங்களோ மாலையை மேசைமேல் வைத்தீர்கள்.

"எந்தக் கட்சிக் கட்டுப்பாடுங்க? மாறினது நீங்க, நாங்க இல்லலா. பதவிய விட்டுட்டு வந்து மறுபடி ஓட்டுக் கேளுங்க. போடறதும் போடாததும் எங்க இஷ்டம்."

மண்டபம் அதிர்ந்த கைத்தட்டலில், பேச வந்தவர் பேசாமலே கார் ஏறினார்!

பதவியை அவர் விடவில்லை. அவருக்கு வேண்டிய கங்காணி உங்களைச் செங்குத்துச் சரிவுக்கு மாற்றினார். மழையில் வழுக்கிக் கை முறிந்தும் மன்னிப்புக் கேட்க மறுத்தீர்கள். கட்டுப் போட்ட கையோடு, ஓடிப்போனவர் இடத்தில் கிளைத் தலைவியானீர்கள்.

ஊருக்குச் சொன்ன நியாயத்தை உங்களுக்கும் வைத்துக்கொண்ட உத்தமியே! நாம் குடியிருக்கும் லயன் வீடுகளைத் தொழிலாளருக்கே சொந்தமாக்கும் தீர்மானத்தை நாடாளுமன்றத்தில் நம் கட்சியே கைவிட்டது. கிளைகள் வாய் திறக்கக் கூடாதென்று மேலிடம் ஆணையிட்டது. நீங்கள் எழுந்தீர்கள்.

"இந்த விசயத்துல நான் கட்சி பேச்சக் கேக்க மாட்டேன்லா. என்னைத் தலைவியாக்கினப்ப இத உங்ககிட்ட சொல்லல. அதனால எறங்கிக்கிறேன். தெரிஞ்சே வேணும்னா மறுபடி தேர்ந்தெடுங்க."

கிளைத் தேர்தல் நடந்தது. உங்களை எதிர்த்து நின்ற நாகரத்தினம் வென்றார், நீங்கள் தோற்றீர்கள். வேறு கொடி தேடிப் போகவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் வந்து, "நம்ம வீடு என்னாச்சு?" என்று அவரையே கேட்டீர்கள். கூட்டந்தோறும் கேட்டீர்கள். நீங்கள் கேட்டுக் கேட்டு, சென்ற கட்சி மாநாட்டில் நாகரத்தினமே எழுந்து மேலிடத்திடம் அதைக் கேட்டார். கட்டுப்பாடு மீறியதாகக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். இம்மடலை இப்போது உங்கள் முன் வாசிப்பவரும் அவரே!

கம்போங் ராஜாவில் மகள் வீட்டில், நோயற்ற உடலும் நிமிர்ந்த தலையுமாய் நெடுங்காலம் வாழுங்கள் அக்கா! வீடு இன்னும் கிடைக்கவில்லை. இனி நாங்கள் கேட்கிறோம். எத்தனை பேரை நீக்குவார்கள், பார்த்துவிடுவோம்!

அன்போடும் அடங்காமையோடும்,
தோட்டத் தொழிலாளர்கள்,
ரிங்லெட், 1984.