ரிலீஃப் வராத ஷிஃப்ட்

இரவு எட்டே கால். கோத்தா திங்கி ஊரைத் தாண்டி நிலத்திட்டக் குடியிருப்புக்குப் போகும் ஒற்றைச் சாலை. இரண்டு பக்கமும் செம்பனை. விளக்குக் கம்பம் ஒன்றுகூட இல்லை... மழை வேறு. அந்தச் சாலையில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனாள் வினிஃப்ரெட்.

யார் அவள் என்கிறீர்களா? நம் மோல்டிங் செக்‌ஷனில் இருக்கிறானே பிரையன், அவனுடைய அக்கா. அவன் இன்றைக்கு லீவு, அதனால்தான் வாயைத் திறக்கிறேன். இந்த நடு ராத்திரியில் கரண்ட் வரும்வரை நமக்கும் வேறு வேலை இல்லை. நெருங்கி உட்காருங்கள். டார்ச்சை அணைத்துவிடுங்கள், பேட்டரியாவது மிஞ்சும்.

வினிஃப்ரெட்டும் நம்மைப் போலத்தான். பாசிர் கூடாங்கில் வேறொரு தொழிற்சாலை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், பதினாறு வருஷம். மாசாயில் தம்பியோடு ஒரு வரிசை வீடு. ஒரே வித்தியாசம், அவளுக்கு எழுத வரும். ஞாயிறு பத்திரிகையில் வருஷத்துக்கு இரண்டு கதை. அதைப் பார்த்துத்தான் பதிப்பாளர் அமலநாதன் அவளைக் கூப்பிட்டார். செல்லப்பன் என்று ஒருவர், மாயக் கோட்டை, இளவரசி, பேசும் முதலை எல்லாம் போட்டு ‘நிழல்நதி நாடு’ என்று ஆறு பாகம் எழுதியவர். ஏழாவதைப் பாதியில் விட்டுவிட்டு இறந்துபோனார். இரண்டு வருஷமாக வாசகர்கள் பதிப்பாளரைப் பிடுங்கி எடுக்கிறார்கள். அதை அவள் முடித்துக் கொடுக்க வேண்டும். அட்டையில் அவள் பெயரும் வரும்.

அட்டையில் பெயர்! நாற்பத்து மூன்று வயதில் அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். பகல் ஷிஃப்ட் முடிந்த கையோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, செல்லப்பன் எழுதிய நோட்டை வாங்க அவர் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள்.

செல்லப்பனின் மனைவி ராசம்மா கதவைத் திறந்தார். வீடு முழுக்கத் தைல வாடை. மேசை, மர நாற்காலி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருப்பது மாதிரி ஒரு நோட்டு, மூடி போடாத பேனா.

"அவரு போயி ரெண்டு வருஷம் ஆச்சும்மா. ஆனா ராத்திரி ஆனா அந்த நாற்காலி கிரீச்னு கேக்கும். பக்கம் திருப்புற சத்தம் கேக்கும். வரி பாதியில நிக்குதில்ல... மனுஷன் எப்படித் தூங்குவாரு? நானும்தான் தூங்கல."

ராசம்மா இதைப் பயந்து சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார். வயதான மனசு, பாவம் என்று நினைத்துக்கொண்டாள் வினிஃப்ரெட்.

மழை விடட்டும் என்று அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். படகோட்டி நடு ஆற்றில் இருக்கிறான். ‘ஏறியவர்கள் ஐந்து பேர். அவன் மறுபடியும் எண்ணிப் பார்த்தான், இப்போது’... அவ்வளவுதான். அதற்குமேல் வெள்ளைத் தாள்.

அடுத்து அவள் செய்த காரியத்தை நம்மைப் போன்றவர்கள்தான் செய்வார்கள். ஷிஃப்ட் மாறும்போது நாம் என்ன செய்கிறோம்? மெஷின் பதிவு நோட்டில் முந்தைய ஆள் எழுதியதன் கீழே ஒரு கோடு. நம் பெயர், தேதி, நேரம், கையெழுத்து. அதற்குப் பிறகு மெஷின் நம் பொறுப்பு. நம்மை விடுவிக்கிற அடுத்த ஆள், அதாவது ரிலீஃப், வந்து கையெழுத்துப் போடாமல் நகரக்கூடாது. பதினாறு வருஷப் பழக்கம் அல்லவா? நாள் முழுக்க நின்ற களைப்பு. கை தானாகப் போய்விட்டது. செல்லப்பனின் பாதி வரிக்குக் கீழே கோடு போட்டாள். வினிஃப்ரெட். எட்டு நாற்பது. கையெழுத்து.

அவளுக்குப் பின்னால் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்... வேலை முடிந்து வீட்டுக்கு வந்து காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றுகிறவர் விடும் மூச்சு.

திரும்பினாள். யாரும் இல்லை. ராசம்மா எதிரே நின்று அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா, பாத்துப் போங்க. நான் கொஞ்சம் படுக்கணும்."

இவள் குடையை விரிப்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் காருக்குள் தைல வாடை.

அன்றிரவு நோட்டைத் தொடக்கூட இல்லை, குளித்துவிட்டுப் படுத்துவிட்டாள். கண் விழித்தபோது மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். பேனா கையில். எதிரே நாலு பக்கம் நிறைந்திருந்தது. ‘இப்போது ஆறு பேர்’ என்று தொடங்கி, அழகான தமிழ். கையெழுத்து அவளுடையதுதான். ஒரு வரியும் அவளுக்கு நினைவில்லை.

முதலில் சந்தோஷம்தான் பட்டாள், பொய் சொல்வானேன். தூக்கத்திலேயே புத்தகம் முடிகிறது, யாருக்குக் கிடைக்கும் இந்த அதிர்ஷ்டம்? ஆனால் மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். உடம்பு படுத்திருந்தால்தானே தூக்கம்? பகலில் பன்னிரண்டு மணி நேரம் மெஷின், இரவில் எட்டு மணி நேரம் படகோட்டி. மூன்றாவது வாரம் வேலையில் நின்றபடியே கண் சொருகி, சுண்டுவிரல் நுனி மெஷினுக்குள் போய் வந்தது. நகத்தோடு தப்பியது. அடுத்த தடவை கை முழுதும் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். விடியும்போது மேசைமுன் இருந்தாள், மடியில் சாவி. மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் சொன்னாள். அவர் நோட்டுக்கும் அவளுக்கும் மந்திரித்துவிட்டு, "லீவு போட்டுட்டுத் தூங்கும்மா" என்றார். அதைத்தானே அவளும் கேட்கிறாள்!

நாற்பத்தோராம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, பகலில், முழு விழிப்போடு உட்கார்ந்து ஏழாம் பாகத்தை முடித்தாள். படகைக் கரை சேர்த்தாள். ‘முற்றும்’ என்று எழுதினாள். காகிதம் கிழியும்படி அழுத்திப் புள்ளி வைத்தாள். நிம்மதியில் அழுதேவிட்டாள் அந்தப் பெண். ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்தாள்.

விடிந்தது... மேசை. பேனா. முற்றும் என்பதற்குக் கீழே எட்டாம் பாகம், அத்தியாயம் ஒன்று. கடைசி வரி பாதியில் நின்றது.

ராசம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, உங்க வீட்டுல... இன்னும் நாற்காலி சத்தம் கேக்குதா?"

"இல்லம்மா. நீங்க வந்துட்டுப் போன அன்னையிலேருந்து இல்ல. ரெண்டு பேருமே நல்லாத் தூங்குறோம். கையெழுத்துப் போட்டது நீங்கதானேம்மா? நான் கேக்கலையே."

அன்று மாலை பிரையன் வேலை முடிந்து வந்தபோது அக்கா சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டி. எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அம்மா போனதிலிருந்து அவனை வளர்த்தவள் அவள்.

"அலமாக், இவ்ளோதானா? ரிலீஃப் ஆள் வந்தா நீ போகலாம் லா. எங்க அந்த நோட்டு?"

"டேய், உனக்குத் தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாதுடா. நீ படிச்சது மலாய்ப் பள்ளிக்கூடம்."

"அதான் நல்லது. எழுதத் தெரியாதவன்கிட்ட அது என்ன வேலை வாங்கும்? நீ போய்ப் படு அக்கா."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள் வினிஃப்ரெட். கொட்டாவிதான் வந்தது. அவன் கோடு போட்டு, ஆங்கிலத்தில் பெயரெழுதி, நேரம் குறித்து, கையெழுத்துப் போட்டான். ஏழு பத்து.

அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்... ஒரு காலத்தில் தன் முதுகுக்குப் பின்னால் கேட்ட அதே மூச்சு. எழுந்து போய்க் கட்டிலில் விழுந்தாள்.

இருபத்திரண்டு மணி நேரம். ஒரு கனவுகூட இல்லை. விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே அடுத்த நாள் சாயங்காலம். தேகமெல்லாம் லேசாக இருந்தது. உயிர் திரும்பி வந்த மாதிரி. அப்புறம்தான் காதில் விழுந்தது, தாளில் பேனா ஓடும் சத்தம். சர்... சர்... சர்... வீடு முழுக்கத் தைல வாடை.

கூடத்தில் பிரையன் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். வேலைக்குப் போகவில்லை. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பக்கம் பக்கமாகத் தமிழ். வளைவு, சுழி, புள்ளி எதுவும் பிசகாமல். அவன் அவளைவிட நன்றாக எழுதியிருந்தான்.

"பிரையன்..."

திரும்பினான். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. பேனாவை அவள் பக்கம் நீட்டினான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அவள் என்ன செய்திருப்பாள் என்கிறீர்கள்? வளர்த்தவள் அல்லவா? பேனாவை வாங்கிக்கொண்டாள். கோடு போட்டாள்.

அன்று தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. ஒரு நாள் அக்கா, ஒரு நாள் தம்பி. ஏழாம் பாகம் அச்சாகிவிட்டது, அட்டையில் அவள் பெயர் இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பிரையன் ஏன் அடிக்கடி லீவு போடுகிறான் என்று திட்டுகிறீர்களே... இன்றைக்கு அவனுடைய முறை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். டீ கொடுத்தார்கள். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கொட்டாவி விட்டார்கள். "மூணாவது ஆள் ஒண்ணு இருந்தா மூணு ஷிஃப்டா பிரிச்சுச் சமாளிச்சிடலாம்ணே" என்றான் பிரையன், விளையாட்டுப் போல. நான் நோட்டைப் பார்க்காமல் வந்திருக்கலாம். பார்த்துத் தொலைத்தேன்.

வினிஃப்ரெட், பிரையன், வினிஃப்ரெட், பிரையன் என்று வரிசையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே ரூலர் வைத்தது மாதிரி நேராக இன்னொரு கோடு. அதைத் தாங்கள் போடவில்லை என்று இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். பெயர் எழுதும் இடம் காலி. தேதி மட்டும் போட்டிருந்தது, இன்றைய தேதி. நேரமும் போட்டிருந்தது.

மூன்று இருபது... இப்போது மணி என்ன, யாராவது பாருங்கள்.