சனிக்கு ஒரு சுரம்

தேனியிலிருந்து கம்பம் செல்லும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் அறிவியல் ஆசிரியை. நீளமான கீபோர்டு ஒன்றை முழங்கால்களுக்கிடையே நிமிர்த்திப் பிடித்திருந்தார். மற்றவர் அவருடைய நாத்தனார்.

“சனிக்கு இதுல கட்டை இல்ல” என்றார் ஆசிரியை.

“என்ன மதினி, வெள்ளிக்கிழமை அதுவுமா?”

“கிரகத்தச் சொல்றேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல கண்காட்சி. சனி வரைக்கும் ஆறு கிரகம், ஒரு கிரகத்துக்கு ஒரு பிள்ள. வேகமாச் சுத்துற புதனுக்கு உச்ச சுரம். மெதுவாச் சுத்தச் சுத்தக் கீழ சுரம். வியாழன் வரைக்கும் வந்துருச்சு. சனிக்கு இன்னும் கீழ போகணும், கட்டை முடிஞ்சு போச்சு. ஹெச்.எம். சனிய விட்டுருங்கன்னு சொல்றாக.”

“குச்சனூருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டுச் சனீஸ்வரன விடுறதா? வெளங்கிரும்!”

“சாமிக்குப் பயந்து சொல்லல. மத்த பிள்ளைக எல்லாம் வாசிக்கும்போது அந்தப் பிள்ள மட்டும் கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? விட மாட்டேன்.”

சின்னமனூர் நெருங்கியது. ஆசிரியை திடீரென்று எழுந்தார்.

“உறுமி இருக்குல்ல!”

“சாவு வீட்டுல அடிக்கிறதையா? பள்ளிக்கூடத்துலயா?”

“கோயில்லயுந்தான் அடிக்கிறாக. அதுக்குக் கீழ எந்தச் சத்தம் இருக்கு?”

நடத்துநர் திரும்பிப் பார்த்தார். “டீச்சர், கம்பத்துக்குல்ல டிக்கெட் எடுத்தீக?”

“பரவாயில்ல தம்பி, இங்கனயே எறங்கிக்கிறேன்.” கீபோர்டை நாத்தனார் மேல் சாய்த்தார்.

“உறுமிக்கு இங்கன யாரத் தேடுவீக மதினி?”

“தேட வேண்டாம். சனி வாசிக்கிற பிள்ளையோட அப்பாதான் இந்த ஊரு உறுமிக்காரர்.”