நாய் துரத்தும் காட்சியில் துண்டு வீசியவன்

எங்கள் வீட்டு நாய் ஏகாதசியன்று சாப்பிடாது. இதைச் சொன்னால் ராஜபாளையத்தில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லாரும் நம்புவார்கள். அது பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பாஷ்யம் சாமியின் தென்னந்தோப்பில். தாய்ப்பாலோடு வந்த விரதம். அசல் ராஜபாளையம் நாய், உடம்பு பால்வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். பெயர் மேனேஜர். நாள் முழுக்க உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும், ஒரு வேலையும் செய்யாது என்பதால் நான் வைத்த பெயர். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. எட்வின் வாத்தியார் செத்ததற்கு ஊரில் சிலர் நாயைக் குற்றம் சொல்கிறார்கள். அது அவரைத் தொடவே இல்லை. அன்றைக்கு ஏகாதசி வேறு.

ரைட்டர் தம்பி சிரிக்கிறார். சிரிக்கட்டும். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்புவது எங்கள் செட்டியார்பட்டியில் வெகுநாள் பழக்கம்.

என் பெயர் கருத்தப்பாண்டி. வயது எழுபத்திரண்டு. நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர் மாந்தோப்பில் ஒரு சிரிப்புப் படம் எடுத்தார்கள். அதில் மாங்காய் திருடுகிறவனை நாய் துரத்தும். திருடியவன் நான். திரையில் ஒன்றரை நிமிடம் வருவேன். வசனம் கிடையாது. ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் மாங்காய், முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். கேமரா ஜீப் என்னோடு ஈடுகொடுக்க முடியாமல், நடுவில் ராஜபாளையம் போய் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தது. அதுவரை நான் ஓடிக்கொண்டிருந்தேன். தியேட்டரில் சனம் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் நாலு கழன்று விழுந்தது. அன்றிலிருந்து என் பெயர் ஓட்டக்காரர். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் அடிப்பார்கள். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவளைப் பாடச் சொல்லவில்லை, என்னை ஓடிக் காட்டச் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரி குருவம்மாள் மட்டும் மசிய மாட்டாள். “ஒன்றரை நிமிசம் ஓடிட்டு நாப்பத்தஞ்சு வருசமா மூச்சு வாங்குதிய” என்பாள்.

போன சித்திரையில் அந்தப் படத்தை மறுபடி எடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. முடிவெட்டி, பல் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். டைரக்டர் பெயர் பார்த்தா, முப்பது வயதுப் பையன். வந்ததும் காலில் விழுந்தார். “ஐயா, அந்த சீனை நூறு தடவை பாத்திருக்கேன். நீங்க இல்லாம இந்தப் படம் இல்ல” என்றார். இந்தத் தடவை மாங்காய் திருடுகிறவன் கிழவனாம், அதுதான் புதுமையாம். கிழவன் என்றதும் நான் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினேன்.

“உக்காருங்க ஐயா. ஓடுறதுக்கு எட்வின் சாரைப் போட்டிருக்கோம். உங்க நாய்தான் வேணும். நீங்க எதிர்ல நின்னு துண்டு வீசினா போதும்.”

நாய் துரத்தும் காட்சியை எப்படி எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. நாய் யாரையும் துரத்துவதில்லை. ஒரு முனையில் அதைப் பிடித்திருப்பார்கள். மறுமுனையில், கேமராவில் விழாத இடத்தில், வளர்த்தவன் நின்று துண்டை வீசுவான். நாய் வளர்த்தவனிடம் ஓடி வரும். அதற்கு முன்னால் நடிகனும் அதே துண்டைப் பார்த்து ஓடி வருவான். படம் பார்க்கிறவனுக்குத் துரத்துகிற மாதிரி தெரியும். ஆக, துண்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருவரும் போவார்கள்.

மறுநாள் டீக்கடைக்கார இசக்கிமுத்து ஆரம்பித்தான். “ஏலே, சேதி தெரியுமா? நாய்க்கு வேசம் கெடச்சிருச்சு. மாமாவுக்குத் துண்டு பிடிக்கிற வேலையாம். நாய்க்கு வசனம் உண்டா மாமா?”

“உண்டுடே. ஒன் டீயப் பத்தி நாலு வார்த்த குரைக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

எட்வின் ஸ்ரீவில்லிபுத்தூரில் பி.டி. வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். வயது அறுபத்து மூன்று. விடிந்ததும் ரதவீதியை நாலு சுற்று ஓடுவார். பால்கோவா ஊரில் பிறந்தும் சர்க்கரை வியாதி வராத மனிதர். நல்லவர். அவரே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணாச்சி, எனக்கு ஓட மட்டுந்தான் தெரியும். பயந்து ஓட நீங்கதான் சொல்லித் தரணும்.”

பத்து நாள் சொல்லிக்கொடுத்தேன். முதல் பாடம், கீழே பார்க்கக் கூடாது.

“பயந்தவன் தரையப் பாத்தா சனம் சிரிக்காது வாத்தியாரே. துண்ட மட்டும் பாரும்.”

“கல்லு தடுக்கிச்சுன்னா?”

“கல்லெல்லாம் நான் பொறுக்கிட்டேன்.”

நிஜமாகவே பொறுக்கினேன். ஒரு முள் விடவில்லை. அப்படியும் முதல் மூன்று நாள் அவருடைய கண் தானாகத் தரைக்குப் போனது. பி.டி. வாத்தியார்களுக்கு அது தொழில் பழக்கம். தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு மாங்காயை முட்டுக்கொடுத்து ஓடவிட்டேன். எட்டாம் நாள் தலை தானாக நின்றது. பத்தாம் நாள் குறுக்கே வந்த கோழியை மிதித்துக்கொண்டு போனார். மிதித்தது அவருக்குத் தெரியவில்லை. பாடம் முடிந்தது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

படம் எடுக்கிற இடம் அதே மாந்தோப்பு. அதில் ஒரு பாழுங்கிணறு இருக்கிறது. கைப்பிடிச்சுவர் இடிந்துபோய், மேலெல்லாம் கொடி படர்ந்து, பச்சைப் பாய் விரித்த மாதிரி கிடக்கும். தண்ணீர் கிடையாது, கீழே பாறை. முதல் படத்தின்போதே பழைய டைரக்டர் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டி, இந்தப் பக்கம் மட்டும் வந்துவிடாதே என்றார். இந்த முறை பள்ளம் மேடு பார்த்துச் சொல்கிற பொறுப்பைப் பார்த்தா என்னிடம் கொடுத்திருந்தார். உள்ளூர்க்காரன் அல்லவா. “எல்லாம் சரியா இருக்கு தம்பி” என்றேன்.

காலை ஒன்பது மணிக்குப் படப்பிடிப்பு. கேமரா பக்கவாட்டில் தூரத்தில் இருந்தது. நான் நிற்க வேண்டிய இடம் ஒட்டுமாமரத்தடி. அங்கே வெயில் கண்ணில் அடித்தது. இடப்பக்கம் பதினைந்து தப்படி தள்ளிப் போய் நின்றேன். நல்ல நிழல். பார்த்தா மைக்கில் என்ன ஏது என்று கேட்டார். இங்கே நின்றால்தான் நாய்க்குத் தெரியும் என்றேன். நாய் விஷயத்தில் என்னை யார் மறுத்துப் பேசப்போகிறார்கள்? எனக்கும் எட்வினுக்கும் நடுவில் அந்தப் பச்சைப் பாய் இருந்தது.

துண்டை வீசினேன். அவர் ஓடி வந்தார். என்னைவிட நன்றாக ஓடினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயம் கச்சிதமாக இருந்தது. முகம் மேலே, கண் துண்டில். நாற்பதடி தூரத்தில் அவர் வரும்போது துண்டை இறக்கிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. கையும் வலித்தது. இருந்தாலும் எடுத்த வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

பிறகு அவர் இல்லை. மேனேஜர் கிணற்றைத் தாண்டி வந்து என் கையை நக்கியது.

யூனிட் முழுக்கச் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். டைரக்டர் சொல்லாமல் வைத்திருந்த புது ஜோக் என்று நினைத்திருக்கிறார்கள். டைரக்டரோ எட்வின் தானாகச் செய்தது என்று நினைத்திருக்கிறார். அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன். சிரிக்கிற சனத்தை நடுவில் நிறுத்துவது பாவம்.

அடக்கத்தன்று அவர் சம்சாரம் தங்கபாய் அம்மா கல்லறைத் தோட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. “அண்ணே, பத்து நாளா வீட்டுல ஒங்க பேச்சுத்தான். அவிய இம்புட்டு சந்தோசமா இருந்து நான் பாத்ததே இல்ல.”

“நல்ல மாணவரும்மா” என்றேன். அது பொய்யில்லை.

நீங்கள் விபத்து என்று எழுதி முடித்தீர்கள். நானும் அதோடு விட்டிருப்பேன். பார்த்தாதான் விடவில்லை. அஞ்சலி என்று போட்டு அந்த ஓட்டத்தைப் போனில் விட்டுவிட்டார், கிணற்றுக்கு முன்னாலேயே வெட்டி. நாற்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, ‘நான்தான் எட்வின்’ என்கின்றன. இசக்கிமுத்து அதை எனக்கே காட்டினான். “பாருங்க மாமா. பயந்து ஓடுறதுக்கு இவருக்கு மேல ஒருத்தன் பொறக்கணும்.” அந்த முகம் யாருடையது, ஐயா? அந்த மாங்காய்ப் பிடி யாருடையது? படத்தையே அவருக்குச் சமர்ப்பணம் செய்கிறார்களாம்.

மூன்று பேரிடம் உண்மையைச் சொன்னேன். குருவம்மாள், “வாய மூடிட்டுப் படுங்க” என்றாள். இசக்கிமுத்துவுக்குச் சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்தது. பார்த்தா, “நீங்க வேற ஐயா” என்று தோளில் தட்டினார். அதனால்தான் இங்கே வந்தேன். மனசாட்சி கேட்கவில்லை, வேறு காரணம் கிடையாது.

அந்த வீடியோவில் பதினோராவது விநாடியில் நிறுத்துங்கள். இடது ஓரத்தில் சிவப்பாக ஒரு நுனி தெரியும். அந்தத் துண்டு என்னுடையது. கிணறு எங்கே என்று தெரிந்துதான் அங்கே நின்றேன். அவர் விழுவார் என்று தெரிந்துதான் வீசினேன். கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும், காட்டுங்கள்.

தம்பி, ஒரு நிமிடம். தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, நடிகர் என்று போடுங்கள்.